ஒரு தொட்டி பாக்கி

எண்ணூற்று ஐம்பத்தாறு தூண்கள் என்றார் வழிகாட்டி,
மடித்த மஞ்சள் குடையைத் தலைக்கு மேல் பிடித்தபடி,
எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.
நான் நாற்பத்தொன்றுவரை எண்ணினேன்.
நாற்பத்திரண்டின் பின்னால் ஒரு பையன் ஒளிந்திருந்தான்,
உதட்டில் விரல் வைத்து
காட்டிக்கொடுத்துவிடாதே என்றான்.
கணக்கை அவனிடமே விட்டுவிட்டு நடந்தேன்.

எங்கெங்கோ இடிந்த கட்டடங்களின் தூண்களாம்.
நெட்டையைத் தரைக்குள் இறக்கி
குட்டைக்குக் காலடியில் ஒரு கல் கொடுத்து
எல்லாவற்றையும் ஒரே உயரமாக்கியிருக்கிறார்கள்.
மேலே சிவப்பும் வெள்ளையுமாய் வளைவுகள்,
வளைவின் தோளில் இன்னொரு வளைவு.
தொழுகை இருந்தது, பிறகு பூசை வந்தது,
தூண்களை யாரும் கேட்கவில்லை.
அவற்றின் வேலை கூரை.

வெளியே கொர்தோபாவின் மே மாத வெயில்.
ஆரஞ்சு மரங்களின் நிழலை
எனக்கு முன்னால் வந்தவர்கள் பங்கு போட்டிருந்தார்கள்.
ரோமானியர் பாலத்தில் ஒருவன் அக்கார்டியன் வாசித்தான்,
காசு விழும்போதெல்லாம்
அதே நாலு சுரத்துக்குத் திரும்பினான்.
கீழே குவாதல்கிவீர், மண்நிறம், அவசரமில்லை.
உடைந்த மாவாலையின் சுவரில் கொக்குகள்.
அவை மட்டும்
எதையும் சுற்றிப் பார்க்க வந்தவை அல்ல.

சன் பசிலியோ தெருவில் வரிசை.
வீடுகள் தம் முற்றங்களைத் திறந்துவைக்கும் வாரம்.
ஆறாறு பேராக உள்ளே விட்டார்கள்.
போனவர்கள் எல்லாரும் கைபேசியை உயர்த்தி
சுவரைப் பெயர்த்துக்கொண்டு போனார்கள்.

வெள்ளைச் சுவர் முழுக்க நீலத் தொட்டிகள்,
தொட்டிதோறும் ஜெரேனியம், ரத்தச் சிவப்பு.
கிணற்றடி நாற்காலியில் ஃபுவென்சாந்தா லூக்கே,
வலக்கை கட்டுப்போட்டுக் கழுத்தில் தொங்கியது.
தண்ணீர் ஊற்ற வேண்டிய தம்பி எலாதியோ
ஒரு ஆணி வாங்கக் காலையில் போனவன்,
இன்னும் ஆணி கிடைக்கவில்லைபோல.
மீன் வாங்குகிறவளைப்போல
எங்கள் ஆறு பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள்.
"நீ. நெட்டச்சி. வா."

எந்தக் குழுப்படத்திலும் பின்வரிசையில்
முழங்காலைச் சற்றே மடித்து நிற்கிறவள் நான்.

கையில் ஒரு நீண்ட நாணல் கழி.
நுனியில் கம்பியால் கட்டிய பழைய தக்காளி டப்பா.
தொட்டியில் முக்கு, தூக்கு, சாய்.
முதல் டப்பா என் சட்டைக் கைக்குள் இறங்கி
அக்குள்வரை குளிர்ந்தது.
இரண்டாவது சுவரில்.
"சுவருக்குத் தாகமில்லை" என்றாள்.
மூன்றாவது, மேல் வரிசையின் ஓரத்தில்,
சரியாக ஒரு செடியின் காலடியில் விழுந்தது.
மண் அதைக் குடிக்கும் சத்தம் கேட்டது,
அல்லது கேட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்குள் அடுத்த ஆறு பேர்.
கழுத்தில் கேமரா தொங்கிய ஒருவர்
சுவரை விட்டுவிட்டு என்னை எடுக்கத் தொடங்கினார்.
இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள் என்று சைகை.
உயர்த்தினேன்.
இந்த வீட்டில் எத்தனை வருடமாக, என்று கேட்டார்.
நான் வாயைத் திறக்குமுன்
ஃபுவென்சாந்தா நாற்காலியிலிருந்து சொன்னாள்:
"பன்னிரண்டு. என் மருமகள். பேச்சு வராது."
பாவம், என்று அவர் மனைவி என் தோளைத் தொட்டாள்,
தொட்ட கை நனைந்தது.

அவளுக்கு மகனே இல்லை என்பதை
அவர்கள் போன பிறகு சொன்னாள்,
கட்டுப்போட்ட கையைப் பிடித்துக்கொண்டு
வலிக்க வலிக்கச் சிரித்தாள்.

எலாதியோ வந்தான். ஆணி இல்லை, மூச்சில் மது இருந்தது.
கழியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டான்
வேறொருத்தி வாசித்த செய்தித்தாளை வாங்குவதுபோல.
நன்றி என்று யாரும் சொல்லவில்லை.
"கதவை இழுத்துச் சாத்து, பூனை ஓடிவிடும்"
என்றது ஒரு குரல், அவ்வளவுதான்.

மாலகா ரயிலில், ஆலிவ் மேடுகள்
சீவிய தலைபோல் வரிவரியாகக் கடக்கின்றன.
யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில்
கொர்தோபாவின் ஊமை மருமகளாக
நிமிர்ந்து நிற்கப்போகிறேன், சரி.
சட்டைக் கை காய்ந்துவிட்டது.
ஒன்றுதான் புரியவில்லை:
மூன்றாம் வரிசை, ஜன்னலை ஒட்டி, இடமிருந்து ஐந்தாவது,
விளிம்பு உடைந்த அந்தத் தொட்டி,
அதற்கு ஊற்றினேனா?